ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் சூடாவது ஏன்? தடுப்பது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)



மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் தோழர்கள் வகுப்புக்கு வந்தபோது, கவிதை என்றதும் பதினைந்து கைகள் உயர்ந்தன. பாடக் கட்டுரை என்றதும் ஒரு கையும் உயரவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். அப்படி வந்ததுதான் இந்தக் கட்டுரை. ஆனால் தலைப்பை நானேதான் தேர்ந்தெடுத்தேன். ஒரு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் கருகிப் போனதால் எங்கள் வீட்டில் பதினொரு மாதம் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். அது ஏன் கருகியது என்று விளங்கத்தான் இரண்டு வருடம் ஆனது.

என் அப்பா இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். இடுப்பு வலி வந்தபின் சேலத்தில் ஆக்டிங் டிரைவராகப் போகிறார். வண்டி சொந்தக்காரருடையது, கை நம்முடையது, நாளுக்கு இவ்வளவு என்று பேட்டா. நான் முதலாண்டு முடித்த மே மாத லீவில், ஒருவர் தன் குடும்பத்தோடு ஏற்காடு போக அப்பாவைக் கூப்பிட்டார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக் கார். அப்பா உட்பட ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏ.சி. முழுசாக ஓடுகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். கோடை விழா சமயம் வேறு. வண்டிகள் எறும்பு ஊர்வது போல ஊர்ந்திருக்கின்றன.

பதிமூன்றாவது வளைவைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஒரு கருகல் வாடை. அப்பா ஓரம் கட்டினார். சொந்தக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "லாரி ஓட்டுறவன்கிட்ட காரைக் குடுத்தது என் தப்பு" என்றாராம். அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "டெம்பரேச்சர் மீட்டர் பாதியிலதாங்க நின்னுச்சு. ஏறவே இல்லீங்க." அதை அங்கே யாரும் நம்பவில்லை. சொல்லப்போனால் நானும் நம்பவில்லை.

பிறகு ஒரு ஷெட்டில் கியர் பாக்ஸை இறக்கினார்கள். அப்பாவோடு நானும் போயிருந்தேன். டிரேயில் வடித்த ஆயில் தார் மாதிரி கறுப்பு. கிளட்ச் பிளேட்டுகளைத் தொட்டால் கரி கையில் ஒட்டியது. செலவில் ஒரு பங்காக முப்பதாயிரம் ரூபாய் அப்பா தர வேண்டும் என்று பேசி முடித்தார்கள். அதைப் பதினொரு மாதம் பேட்டாவில் கழித்துக் கொண்டார்கள். அன்றைக்கு அந்த ஷெட்டில் நான் இன்னொன்றையும் பார்த்தேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு இரும்புக் குழாய்களின் முனைகளை ஒரு சாண் ரப்பர் ஹோஸால் வளைத்து இணைத்து, கிளிப் போட்டு முறுக்கியிருந்தார்கள். கம்பெனியே அப்படித்தான் செய்திருக்கும் என்று நினைத்துக் கொண்டேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பாடம்.

மேனுவல் காரில் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் இருக்கிறது. பழைய முறை ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர் கப்பல்களுக்காக யோசித்து 1905-ல் பேட்டன்ட் வாங்கிய சாதனத்தின் வழி வந்தது இது. புத்தகத்தில் இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து விளக்குவார்கள். எனக்கு எங்கள் அம்மா மோர் கடைவதை நினைத்தால்தான் புரிந்தது. மத்தைச் சுழற்றினால் மோர் சுழல்கிறது. வழவழப்பான தரையில் பானையைப் பிடிக்காமல் விட்டால் மோரின் வேகத்தில் பானையும் கூடவே சுற்றப் பார்க்கும். மத்துதான் என்ஜினோடு சுற்றும் இம்பெல்லர். மோர்தான் ஆயில். பானைதான் கியர் பாக்ஸுக்குப் போகும் டர்பைன். நடுவில் ஸ்டேட்டர் என்று ஒன்று இருந்து, திரும்பி வரும் ஆயிலைத் திசை மாற்றி டார்க்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை பெருக்கித் தருகிறது.

இப்போது பானையைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டு மத்தை மட்டும் வேகமாகச் சுற்றினால் என்ன ஆகும்? கொடுத்த சக்தி எங்கும் போகாது, மோரில் சூடாகத்தான் தங்கும். 1840-களில் ஜூல் தண்ணீரைத் துடுப்பால் கலக்கி அளந்து காட்டியதும் இதுவேதான். கார் நிற்கிறது, கியர் டி-யில் இருக்கிறது, காலோ ஆக்சிலேட்டரில். டர்பைன் சுற்றவில்லை. என்ஜின் கொடுப்பது அத்தனையும் ஆயிலில் சூடாக இறங்குகிறது. இதற்கு ஸ்டால் என்று பெயர்.

லாரி டிரைவர்களுக்கு மேட்டில் வண்டியை நிறுத்தி வைக்க ஒரு பழக்கம் உண்டு. பிரேக் மிதிக்காமல் ஆஃப் கிளட்ச்சில் வண்டியைத் தொங்கவிட்டுப் பிடித்திருப்பார்கள். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடல் கிடையாது. ஆகவே அப்பா ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாக மிதித்து, வண்டி முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நிறுத்தியிருக்கிறார். க்யூ நகரும் வரை அப்படியே. அது எவ்வளவு சூடு தரும் என்று பிறகு ஒரு நாள் ஹாஸ்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், நம் முதலாண்டு மெக்கானிக்ஸ் போதும்.

ஆட்களோடு காரின் எடை 1600 கிலோ என்று கொள்வோம். ஏற்றம் எட்டுக்கு ஒன்று. வண்டி பின்னால் உருளாமல் பிடிக்க வேண்டிய விசை 1600 × 9.81 ÷ 8, அதாவது சுமார் 1960 நியூட்டன். டயரின் ஆரம் 0.3 மீட்டர் என்றால் சக்கரத்தில் ஏறத்தாழ 590 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து 11 மடங்கு என்று வைத்தால் டர்பைனில் சுமார் 54. கன்வெர்ட்டர் இரண்டு மடங்காக்கித் தருவதால் என்ஜின் கொடுப்பது 27. ஆர்.பி.எம். 1400 என்று வைத்து 2πஎன்டி ÷ 60 போட்டால் ஏறக்குறைய 4 கிலோவாட். வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் 4 கிலோவாட் சூடு! வீட்டில் குளிக்கத் தண்ணீர் காய வைக்கும் 1500 வாட் ஹீட்டர் ராடு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதில் மூன்றை ஆயிலுக்குள் போட்டு ஸ்விட்ச் போட்ட மாதிரி.

ஆயில் 6 லிட்டர் என்றால் சுமார் 5 கிலோ. ஒரு கிலோவை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 2 கிலோஜூல். ஆக மொத்தம் டிகிரிக்கு 10 கிலோஜூல். 4 கிலோவாட்டுக்கு ஒரு நிமிடத்தில் 24 டிகிரி ஏற வேண்டும். நிஜத்தில் இவ்வளவு வேகமாக ஏறாது. கியர் பாக்ஸின் அலுமினிய உடம்பும் பல்சக்கரங்களும் சூட்டை வாங்கிக் கொள்ளும். கால்வாசி என்றே வைப்போம், நிமிடத்துக்கு 6 டிகிரி. 90 டிகிரியில் மலை ஏறத் தொடங்கிய ஆயில், இப்படிப் பிடித்துப் பிடித்து நின்ற பத்து நிமிடத்தில் 150-ஐத் தொட்டுவிடும். கூலர் இல்லாவிட்டால் என்று சேர்த்துக் கொள்ளுங்கள். அந்த வார்த்தை முக்கியம்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்டால் டெஸ்ட் என்று ஒன்று செய்வார்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து ஆர்.பி.எம். பார்ப்பது. அதை 5 விநாடிக்கு மேல் செய்யாதே என்று மேனுவலில் ஏன் போட்டிருக்கிறது என்பதும் இப்போது விளங்கும். அங்கே 4 அல்ல, பல மடங்கு கிலோவாட். நம்மில் சிலர் சும்மா ஸ்டைலுக்கு இரண்டு பெடலையும் ஒன்றாக மிதிக்கிறோம். வேண்டாம் நண்பர்களே.

சூட்டில் ஆயிலுக்கு என்ன ஆகிறது? 80 டிகிரி அளவில் ஓடினால் அது நீண்ட நாள் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் ஒரு உத்தேசக் கணக்கு. 91-ல் பாதி, 102-ல் கால், 113-ல் அரைக்கால். 115-ஐத் தாண்டினால் வார்னிஷ் போல ஒரு படிவு உண்டாகி, சின்னச் சின்ன வால்வுகள் ஒட்டிக் கொள்ளும். 125-க்கு மேல் ரப்பர் சீல்கள் இறுகிப் போகும். 145, 150 என்று வரும்போது உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கத் தொடங்கும். வழுக்கினால் உராய்வு, உராய்வால் மேலும் சூடு, அதனால் மேலும் வழுக்கல். இதில் மாட்டிக்கொண்ட கியர் பாக்ஸ் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பதிமூன்றாவது வளைவில் நடந்தது இதுதான்.

அப்படியானால் தப்பு முழுவதும் அப்பாவின் கால்தானா? போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்கு அப்படித்தானே சொல்கிறது. அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை.

இந்த வருடம் இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில், ஒரு ஆட்டோமேட்டிக் காருக்கு ரேடியேட்டர் மாற்ற வேண்டியிருந்தது. மெக்கானிக் அண்ணன் என்னிடம், "தம்பி, மொதல்ல கூலர் பைப் ரெண்டையும் கழட்டு, செவப்பு ஆயில் ஒழுகும், கீழ டிரே வை" என்றார். எனக்குப் புரியவில்லை. "ரேடியேட்டர்ல எதுக்குண்ணே கியர் ஆயில்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பாலிடெக்னிக்ல இதெல்லாம் சொல்லித் தரலியா? ரேடியேட்டர் டேங்குக்குள்ளயே சின்னக் கூலர் ஒண்ணு உக்காந்திருக்கு. கியர் பாக்ஸ் ஆயில் ஒரு பைப்ல வந்து, சூட்டைத் தண்ணிகிட்ட குடுத்துட்டு, அடுத்த பைப்ல திரும்பிப் போகும்."

பைப்பைக் கழற்றிக் கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஷெட்டில் பார்த்த இரண்டு இரும்புக் குழாய்கள், ஒரு சாண் ஹோஸ், இரண்டு கிளிப். அண்ணனிடம் விவரம் சொன்னேன். "அதா? உள்ள இருக்குற கூலர் ஓட்டையாயிட்டா ஆயிலும் தண்ணியும் கலந்து ரோஸ் மில்க் மாதிரி ஆயிடும். புது ரேடியேட்டர் போடக் காசில்லாதவன், இல்லன்னா மேனுவல் வண்டி ரேடியேட்டரை வாங்கிப் போட்டவன், பைப் ரெண்டையும் லூப் அடிச்சு விட்டுடுவான். பிளெயின்ல ஓடும். மலை ஏறுனா செத்துடும்" என்றார்.

நண்பர்களே, இதில்தான் மீட்டரின் விஷயம் இருக்கிறது. டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் மீட்டர் என்ஜின் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். கூலர் சரியாக இருந்தால் கியர் பாக்ஸின் சூடும் அந்தத் தண்ணீருக்கு வந்து சேரும், ஓரளவுக்காவது மீட்டர் ஏறி எச்சரிக்கும். லூப் அடித்த வண்டியில் கியர் பாக்ஸின் சூடு தண்ணீருக்கு வரவே வழியில்லை. உள்ளே ஆயில் வெந்து கொண்டிருக்கும், மீட்டரோ நிம்மதியாகப் பாதியில் நிற்கும். அப்பா சொன்னது அப்படியே உண்மை. சில கார்களில் கியர் பாக்ஸ் ஆயிலுக்குத் தனி எச்சரிக்கை விளக்கு உண்டு. அந்தப் பழைய காரில் கிடையாது.

ஆகவே தடுப்பு முறைகளில் முதலாவதாக நான் எழுதுவது, வேறு யாரும் முதலாவதாக எழுதாதது: குனிந்து அந்த இரண்டு பைப்பும் எங்கே போகின்றன என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள். கூடவே ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் நடுவில் சேறு, வைக்கோல், பூச்சி அடைத்திருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, கூலண்ட் அளவு சரியா என்றும் பார்த்து விடலாம். ரேடியேட்டர் கெட்டால் என்ஜின் மட்டுமல்ல, கியர் பாக்ஸும் சேர்ந்து கெடும். மலையில் அடிக்கடி ஓடுகிற, அல்லது பாரம் இழுக்கிற வண்டிக்குத் தனிக் கூலர் ஒன்றும் முன்னால் பொருத்துவார்கள். நல்லதுதான். ஆனால் உள்ளதை ஒழுங்காக வைக்காமல் புதிது மாட்டிப் பயனில்லை.

அடுத்தது ஆயில். டிப் ஸ்டிக் உள்ள வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, சமதளத்தில் நிறுத்தி, ஆயில் சூடான பிறகு, என்ஜின் ஓடிக் கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். என்ஜின் ஆயில் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். சில கம்பெனிகள் வேறு மாதிரியும் சொல்லும், வண்டியோடு வரும் புத்தகம்தான் தீர்ப்பு. குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், சுற்றும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கி விடும். நுரை சூட்டையும் கடத்தாது, பிரஷரையும் தாங்காது. சிவப்பாக ஊற்றிய ஆயில் பழுப்பானால் மாற்றும் நேரம் வந்துவிட்டது, கறுத்துக் கருகல் வாடை அடித்தால் நேரம் தாண்டிவிட்டது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் அண்ணன் சொன்னதுதான், வண்டியை எடுக்கவே கூடாது. "ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்" என்று விற்கிற வண்டியிலும் மலை, வெயில், நெரிசல் என்று ஓட்டினால் 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம் என்றார் அண்ணன். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நம் ஊர் மே மாதத்தில் சுலபமான ஓட்டம் என்று எதைச் சொல்வது? இன்னொன்று: சி.வி.டி. ஆயில் வேறு, சாதாரண ஏ.டி.எஃப். வேறு. நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி ஊற்றக் கூடாது.

மூன்றாவது கால், அதாவது டிரைவர். மேட்டில் நின்றால் ஃபுட் பிரேக். நேரமாகும் போலிருந்தால் ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். ஆக்சிலேட்டரால் வண்டியைத் தொங்கவிடாதீர்கள். மலையேறும்போது டி-யிலேயே விட்டால், கியர் பாக்ஸ் இரண்டுக்கும் மூன்றுக்கும் மாறி மாறித் தவிக்கும். மெதுவான வேகத்தில் கன்வெர்ட்டரின் லாக் அப் கிளட்ச்சும் சேராது, நேரமெல்லாம் வழுக்கல்தான். எல் அல்லது 2-க்குக் கொண்டு வந்தால், என்ஜின் கொஞ்சம் சத்தம் போட்டாலும் வழுக்கல் குறையும், தண்ணீர் பம்பும் வேகமாகச் சுற்றும். சத்தம் கேட்டு சொந்தக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வாடையோ எச்சரிக்கை விளக்கோ வந்தால் ஓரம் கட்டி, ஏ.சி.யை நிறுத்தி, பி-யில் போட்டு, என்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். நிறுத்தினால் ஆயில் பம்பும் நின்றுவிடும், கூலருக்கு ஆயில் போகாது. என்ஜின் மீட்டரும் ஏறியிருந்தால் மட்டும் நிறுத்தியே ஆக வேண்டும். அதே காரணத்தால்தான் பழுதான ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. சக்கரம் சுற்றும், உள்ளே ஆயில் போகாது. இழுவை வண்டியில் ஏற்றியோ, ஓட்டும் சக்கரங்களைத் தூக்கியோ கொண்டு போக வேண்டும்.

இன்று நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்று விற்பதில் எல்லாவற்றிலும் டார்க் கன்வெர்ட்டர் இல்லை. 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி., சாதாரண கியர் பாக்ஸும் சாதாரண கிளட்ச்சும்தான். மிதிப்பது மட்டும் மெஷின். டிரை கிளட்ச் உள்ள டி.சி.டி.யிலும் பிளேட்தான் சூடாகும். இரண்டிலும் மேட்டில் ஆக்சிலேட்டரில் தொங்கவிட்டால் கருகுவது ஆயில் அல்ல, பிளேட். லாரியில் அப்பாவுக்குத் தெரிந்த அதே வாடை. வகை எதுவானாலும் அந்தப் பழக்கம் ஆகாது.

டிரெய்னிங் முடிந்து வீட்டுக்குப் போன அன்று இரவு, அப்பாவிடம் நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. நான் படம் போட்டு அப்பா கேட்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. கூலர், பைப், லூப், மீட்டர் எல்லாம் சொன்னேன். அப்பா முதலில் கேட்டது, "அப்போ மீட்டர் பாதியில நின்னதுன்னு நான் சொன்னது நெசந்தானே?" நிஜந்தாம்ப்பா என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "ஆனா தம்பி, என் கால் மேலயும் தப்பு இருக்குல்ல?" என்றார். அந்த 4 கிலோவாட் கணக்கையும் காட்டினேன். மறைக்கத் தோன்றவில்லை. கூலர் இருந்திருந்தால் அதில் பெரும்பகுதியை அது வாங்கிக் கொண்டிருக்கும் என்பதையும் சொன்னேன். அந்தக் கார் கைமாறி எங்கேயோ போய்விட்டது. முப்பதாயிரத்தைத் திருப்பிக் கேட்பதா என்று அம்மா கேட்டதற்கு அப்பா பதில் சொல்லவில்லை.

இப்போது எந்த ஆட்டோமேட்டிக் வண்டி கைக்கு வந்தாலும் அப்பா சாவியை வாங்கியதும் பானட்டைத் திறந்து குனிந்து பார்க்கிறார். போன மாதம் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து போன் வந்தது. மேலே 70 வளைவு. "தம்பி, இந்த வண்டியில ரேடியேட்டர்கிட்ட ரெண்டு பைப்பையும் காணோமே?" என்றார். சில புது மாடல்களில் கூலர் ரேடியேட்டருக்குள் இருக்காது, கியர் பாக்ஸ் மேலேயே சின்னப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும், அதற்குத் தண்ணீர் ஹோஸ் இரண்டு வரும், அது ஒழுகுகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ம், இருக்கு. ஒழுகல. வெச்சிடறேன், பார்ட்டி கூப்பிடறாங்க" என்று வைத்துவிட்டார்.